புதைமணல் உண்மையிலேயே ஆளை முழுதாக விழுங்குமா? சிக்கினால் எப்படி வெளியே வருவது?

விழுங்காது. நீர் ஊறிய புதைமணலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிராம். மனித உடம்புக்கு ஏறக்குறைய 1 கிராம்தான். அதனால் இடுப்பளவு இறங்கியதும் உடம்பு மிதந்து நின்றுவிடும். ஈரானிலிருந்து எடுத்து வந்த புதைமணலை வைத்து ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் சோதித்து, 2005-ல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். (சைலோ எனும் உயரமான தானியக் கிடங்கில் சரியும் தானியம் வேறு கதை. அது உடம்பைவிட லேசானது, ஆளையே மூடிவிடும்.)

மாட்டிய காலை எடுப்பதுதான் பெரும்பாடு. கலங்கிய மணல் அடியில் படிந்து காலைச் சுற்றி இறுகிவிடும். காலைத் தூக்கினால் பாதத்துக்குக் கீழே விழும் இடைவெளியில் தண்ணீர் புகவேண்டும். இறுகிய மணல் அதை உள்ளே விடாது. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கவே ஒரு காரைத் தூக்கும் விசை வேண்டும் என்கிறது அதே ஆய்வு. இடுப்பில் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்தால் கால் வராது, மூட்டுதான் கழன்று வரும்.

சாவு வருவது பெரும்பாலும் தண்ணீரால். கடலோரச் சேற்றில் முழங்கால் வரை சிக்கியவருக்குக் கடல் ஏறும்வரைதான் நேரம். இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் புதைமணலும் உண்டு, வேகமாக ஏறும் ஓதமும் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) உண்டு. 2004 பிப்ரவரி 5 இரவு அங்கே மட்டி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது ஏறிவந்த கடல், மணல் அல்ல. ஓதம் இல்லாத இடத்தில் குளிரோ, வெயிலும் தாகமுமோ ஆளைச் சாய்க்கும்.

கணுக்கால் இறங்கும்போதே நிற்காமல் வந்த வழியே பின்வாங்குங்கள். முழங்காலைத் தாண்டிவிட்டால் முதலில் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, மல்லாந்து சாய்ந்து எடையைப் பரப்புங்கள். கம்பு இருந்தால் முதுகுக்குக் குறுக்கே போடலாம். ஒரு காலை மட்டும் சிறு வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தால் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கி மணல் இளகும். அவசரப்பட்டு உதைத்தால் மற்றக் கால் இன்னும் ஆழமாகப் போகும். கையை ஊன்றினால் கையும் மாட்டும். கால் விடுபட்டதும் அதை மேலே படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டு அடுத்ததை ஆட்டுங்கள். இரண்டும் வந்ததும் எழுந்து நிற்காதீர்கள். உருண்டோ தவழ்ந்தோ கெட்டி நிலத்துக்குப் போங்கள். ரப்பர் பூட்ஸ் பிடித்துக்கொண்டால் அதை விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவலாம்.

கரையில் இருப்பவர் உள்ளே நடந்து போகக்கூடாது. முதலில் 112-க்குப் போன் செய்யுங்கள். பலகையோ ஏணியோ போட்டு அதன்மேல் படுத்தபடிதான் நெருங்கவேண்டும். தீயணைப்பு வீரர்கள் குழாயைக் காலோரமாகச் செருகித் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இளக்கிவிட்டுத்தான் இழுப்பார்கள்.

நம்மூர் ஆறுகளில் மணல் அள்ளிய பள்ளத்தில் மூழ்குவதையும் புதைமணல் என்றே சொல்லிவிடுகிறார்கள். அது வேறு. முழங்கால் தண்ணீர், அடுத்த எட்டில் தலைக்கு மேல். ஏற முயன்றால் சரிவு மணல் காலுக்கடியில் நழுவிக்கொண்டே இருக்கும். அங்கே கால் எதிலும் மாட்டியிருக்காது. காலிக் குடத்தைக் கயிற்றில் கட்டி எறிந்து, கரையில் படுத்தபடி இழுத்துவிடலாம்.