1825 கேம்பிரிட்ஜ் மாணவனை நாயகனாக வைத்து நாவல் எழுதுகிறீர்களா?

கேள்வி: என் நாவல் 1825-ல் நடக்கிறது. நாயகன் ரயிலில் கேம்பிரிட்ஜ் வருகிறான், விண்ணப்பம் போட்டு ரகசியச் சங்கம் ஒன்றில் சேர்கிறான், யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தில் அரசாங்கத்தைக் கிழித்துப் பேசுகிறான், கூடப் படிக்கும் பெண்ணைக் காதலிக்கிறான். நம்பும்படி இருக்குமா?

பதில்: ரயிலை எடுத்துவிடுங்கள், கேம்பிரிட்ஜுக்கு அது வந்ததே 1845-ல்தான். கூடப் படிக்கும் பெண்ணும் கிடையாது. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி தொடங்கியது 1869-ல், பட்டம் கொடுக்க 1948 வரை இழுத்தடித்தார்கள். காதலி உள்ளூர்ப் பெண்ணாக இருக்கட்டும். ஆனால் மாணவனோடு தெருவில் நடக்கும் பெண்ணைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து, ஸ்பின்னிங் ஹவுஸ் என்ற சொந்தச் சிறையில் அடைக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. இதைவிட நல்ல முடிச்சு நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

யூனியன் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 1815-ல் ஆரம்பித்த அந்த விவாத மன்றத்தைக் கலைக்கச் சொல்லி 1817-ல் துணைவேந்தர் ஆள் அனுப்பினார். அப்போது தலைவராக இருந்த வில்லியம் ஹ்யூவெல், வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மன்றம் இதைப் பரிசீலிக்கும் என்றாராம். என்ன தைரியம்! ஆனாலும் மூடத்தான் வேண்டியிருந்தது. 1821-ல் திறக்க அனுமதித்தபோது நடப்பு அரசியல் பேசக் கூடாதென்று நிபந்தனை போட்டார்கள். ஆகவே உங்கள் நாயகன் பழைய கதையை எடுத்து, 1649-ல் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது சரியா என்று பேசட்டும், யாரைக் குத்துகிறான் என்பது கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

ரகசியச் சங்கம் என்றால் அப்போஸ்தலர்கள் சங்கம்தான், 1820-ல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் தொடங்கியது. அதில் விண்ணப்பமெல்லாம் செல்லாது. அவர்களாகவே ஆளைக் கண்காணித்து, பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை இரவு யாராவது ஒருவரின் அறையில் கூடி, ஒருவர் கட்டுரை வாசிக்க, மற்றவர்கள் விவாதித்து ஓட்டெடுப்பார்கள். கட்டுரையைச் சரியாகக் கொடுக்க முடியாமல் கவிஞர் டென்னிசன் 1830-ல் விலகிப் போனார், உங்கள் நாயகனும் கொஞ்சம் திணறினால் தப்பில்லை.

அப்புறம், நேரம். இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், தாமதமாக வந்தால் பெயர் குறிக்கப்படும், அபராதமும் உண்டு. இருட்டியபின் அங்கியும் தொப்பியும் இல்லாமல் தெருவில் திரிந்தால் பிராக்டர் என்ற ஒழுங்கு அதிகாரி பிடிப்பார். அதனால் விடிய விடியப் பேசும் காட்சியை நாயகனின் கல்லூரிக்குள்ளேயே வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அவன் பணக்காரனா ஏழையா என்று முடிவு செய்யுங்கள். பணக்கார ஃபெலோ காமனர் சரிகை வைத்த அங்கியோடு ஆசிரியர்களின் மேஜையிலேயே சாப்பிட்டான், கட்டணச் சலுகையில் படித்த சைசருக்கு அந்தப் பக்கம் இடமே கிடையாது.