விண்டோஸ் 11 போட்டதும் பிரிண்டர் ஓடவில்லையா?

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதால் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்து விண்டோஸ் 11 போட்டேன். அன்றிலிருந்து கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் ஓடவில்லை. பழைய சிடியும் கைகொடுக்கவில்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். முந்தின நாள்வரை நன்றாக அச்சடித்த பிரிண்டரின் போர்டு, விண்டோஸ் மாற்றிய அன்றே போவது அபூர்வம். அப்படிச் சொல்பவர் கையில் விற்பதற்கு ஒரு பிரிண்டர் இருக்கும்.

உங்கள் மாடல், பக்கத்தைத் தானே வடிவமைக்காது. அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கேனானின் சொந்த டிரைவர்தான் (பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) செய்கிறது. அதனால் விண்டோஸ் தரும் பொதுவான டிரைவரை வைத்து ஒரு வரிகூட அடிக்க முடியாது.

சிடி ஏன் உதவவில்லை? விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. உங்கள் பழைய விண்டோஸ் 32 பிட்டாக இருந்திருக்கலாம், சிடியில் இருப்பதும் அதற்கான டிரைவராக இருக்கலாம். விண்டோஸ் 11-ல் 32 பிட் வகையே கிடையாது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். 32 பிட் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் 64 பிட் விண்டோஸிலும் ஓடும். டைப்பிங், பில்லிங் எல்லாம் ஓடுகிறதே, டிரைவர் மட்டும் ஏன் ஓடாது என்று கேட்பார்கள். பிரிண்டர் டிரைவர், அச்சு வேலைகளைக் கவனிக்கும் விண்டோஸின் சொந்தப் பகுதிக்குள் சேர்ந்து இயங்குவது. 64 பிட் விண்டோஸில் அந்தப் பகுதியும் 64 பிட்தான். அது 64 பிட்டாகவே இருந்தாக வேண்டும், விதிவிலக்கே இல்லை. விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் 11-லும் ஓடும். கேனான் இந்தியா தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து அதையே இறக்குங்கள்.

கூகுளில் தேடாதீர்கள். முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். 'டிரைவர் அப்டேட்டர்' என்று ஒன்று வரும். இலவசமாக ஸ்கேன் செய்து, ஏகப்பட்ட டிரைவர் பழசு என்று சிவப்பில் காட்டிவிட்டுப் பணம் கேட்கும். அதைவிட மோசம், பிரிண்டர் கம்பெனி பெயரில் போட்டிருக்கும் போலி உதவி எண்கள். ரிமோட் ஆப் போடச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள், கணக்கு காலியாகிவிடும். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

டிரைவர் போட்ட பிறகும் அச்சு வரவில்லையா? பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். கேபிளை வேறு ஓட்டையில் செருகினால் யுஎஸ்பி001 என்பது 002 ஆகிவிடலாம். அப்போது டிரைவர் பழைய போர்ட்டுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். டிக்கை மாற்றி டெஸ்ட் பேஜ் கொடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 2023-லேயே சொல்லிவிட்டது, கம்பெனிகளின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போகிறோம் என்று. டிரைவர் தானாக வராது என்பதற்காக, 12ஏ டோனர் போட்டால் இன்னும் அழகாக அடிக்கிற மெஷினைக் கடைக்காரர் தூக்கிப் போட வேண்டுமாம். என்ன நியாயம்?

இதற்கும் மசியாவிட்டால், பழைய விண்டோஸ் உள்ள வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கும் அடிக்காவிட்டால் மட்டும் போர்டைப் பற்றிப் பேசலாம்.