பாக்டீரியா: எங்கள் வீட்டு மாவும் காசிமேட்டு மீனும்

"பாக்டீரியா என்றாலே நோய்க்கிருமிதானே? அன்றாட வாழ்க்கையில் அதற்கு வேறென்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வடசென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்காரி. ஆயா மீன் விற்றவர். அம்மா வீட்டு வாசலில் இட்லி மாவு விற்றவர். மைக்ரோபயாலஜி படிக்கப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, இரண்டு பேரும் ஆயுசு முழுக்க பாக்டீரியாவோடுதான் தொழில் செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது வளர வேண்டும், ஆயாவுக்கு வளரக் கூடாது.

பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். பெரும்பாலானவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் 1000-ல் ஒரு பங்கு, மிஞ்சினால் சில பங்கு. 1676-ல் லீவன்ஹூக் என்ற டச்சுத் துணி வியாபாரி, தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக அதைப் பார்த்தார். ஒன்று இரண்டாகப் பிளந்துதான் பெருகும். கதகதப்பும் தீனியும் அமைந்துவிட்டால் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் பிளக்கும். அந்தக் கணக்கில் ஒன்றே ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அம்மாவின் மாவில் நடப்பது இதுதான். உளுந்தோடு கூடவே வரும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா, மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் லாக்டிக் அமிலத்தையும் விடுகிறது. வாயு மாவைப் பொங்க வைக்கிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. கரண்டியால் மாவைக் கோரினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியுமே, அதெல்லாம் அவை விட்ட மூச்சு. சித்திரை வெயிலில் சீக்கிரம் பொங்கிவிடும். மார்கழியில் அம்மா குண்டானுக்குக் கோணி சுற்றி வைப்பார். பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் பாக்டீரியா செத்துப்போவதில்லை, வேகம்தான் குறைகிறது. அதனால்தான் நாலாம் நாள் மாவு புளிக்கிறது.

மீனில் இதே வேகம் ஆபத்து. நான் பள்ளியில் படித்தபோது ஒரு மத்தியானம், வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையை மாமா மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்தார். நாற்றமே இல்லை. நன்றாக மொறுமொறுவென்று வறுத்தோம். சாப்பிட்ட அரை மணியில் மாமாவுக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு. "இவ்ளோ நேரம் எண்ணெயில வெந்துச்சே ஆயா, அப்புறம் எப்படி?" என்று கேட்டேன். "ஐசு படாத சூரை அப்படித்தான்டி செய்யும்" என்றார். காரணத்தைக் கல்லூரியில் படித்தேன். சூரை, கானாங்கத்தை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயில் சூட்டில் பெருகும் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும்; மாமாவுக்கு வந்ததுபோல் முகம் சிவப்பதற்கும் படபடப்புக்கும் காரணம் இந்தப் பொருள்தான். வறுத்தால் பாக்டீரியா சாகும், அது முன்பே உண்டாக்கிவிட்ட ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். பிடித்த கையோடு ஐஸில் போடுவதுதான் ஒரே வழி.

காலரா, டைபாய்டு, காசநோய் எல்லாம் பாக்டீரியாவால் வருபவைதான், மறுக்கவில்லை. ஆனால் நோய் தருபவை மொத்த வகைகளில் மிகச் சிலவே. நம் உடம்பில் எத்தனை செல்லோ, ஏறக்குறைய அத்தனை பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. வடசென்னைக் கழிவுநீர் போய்ச் சேரும் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பதும் பாக்டீரியாதான். அங்கே கசடிலிருந்து அவை உண்டாக்கும் வாயுவில் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு வந்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், மீன் எதன் மேல் கிடக்கிறது என்றும் பாருங்கள். வெட்டி வாங்கியதும், "ரெண்டு கை ஐஸ் போட்டுக் குடுக்கா" என்று கேளுங்கள், போட்டுத் தருவார்கள். வண்டியில் வீடு போய்ச் சேரும் வரை அது தாங்கும்.