தாம்பரம் ஸ்டேஷன்: கேள்வி வாசகர், பதில் நாம்

சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலுக்கு என்ன வயது? முதலில் ஓடியதும் இன்று ஓடுவதும் ஒரே மாதிரி ரயில்தானா?
– வாசகர், குரோம்பேட்டை

1931 மே 11 அன்று தென்னிந்திய ரயில்வே தொடங்கிய சேவை இது. இன்றைய ரயிலுக்கும் அன்றையதற்கும் பெயர் ஒன்று, மற்ற எதுவும் ஒன்றல்ல. அப்போது மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மி.மீ. மேலே கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960களில் மின்சாரத்தை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். பாதை மட்டும் மீட்டர் கேஜாகவே நீடித்தது.

அதனால் வந்த தொல்லையைப் பழைய பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1995இல் கடற்கரையிலிருந்து பறக்கும் ரயில் தொடங்கியபோது, அது 1,676 மி.மீ. அகலப்பாதை. கடற்கரை ஸ்டேஷனில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றின் பெட்டி மற்றதன் தடத்தில் ஏற முடியாது. தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் ரயில்கள் ஓய்வு பெற்றது 2004 ஜூலையில்தான்.

தாம்பரத்துக்கு வெளியே சிக்னலில் ரயிலை நிறுத்திவிடுகிறார்களே, ஏன்? பிளாட்பாரம்தான் நிறைய இருக்கிறதே!
– வாசகர், பெருங்களத்தூர்

பிளாட்பாரத்தின் எண்ணிக்கையல்ல, அதற்குள் நுழையும் வழிதான் சிக்கல். எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு பாதைகள்: இரண்டு புறநகர் ரயிலுக்கு, இரண்டு எக்ஸ்பிரஸுக்கு. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வரை மூன்றுதான். நான்கில் வருவதை மூன்றில் அடக்க வேண்டும்.

இதோடு, தாம்பரம் ஒரே நேரத்தில் கடைசி ஸ்டேஷனாகவும் வழி ஸ்டேஷனாகவும் இருக்கிறது. சில ரயில்கள் இங்கேயே முடிந்து திரும்புகின்றன. திரும்ப வேண்டுமென்றால் ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து, அங்குள்ள ஓட்டுநர் அறையிலிருந்து ரயிலை எடுக்க வேண்டும். அதுவரை அந்த பிளாட்பாரத்தில் வேறு ரயில் வர முடியாது. பணிமனைக்குப் போகும் மின்சார ரயிலும், இங்கிருந்தே புறப்படும் எக்ஸ்பிரஸும் பல தடங்களைக் குறுக்கே வெட்டிக் கடக்கும். ஒன்று கடக்கும்வரை மற்ற தடங்களுக்குச் சிவப்பு விளக்கு. 2024 ஜூலை–ஆகஸ்டில் யார்டை, அதாவது ஸ்டேஷனையொட்டிய தடங்களின் அமைப்பை, மாற்றியமைத்தபோது பல ரயில்களைப் பல்லாவரத்தோடு நிறுத்தியது நினைவிருக்கும். சிக்னலையும், ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்டையும் மாற்றும்போது பாதையைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது.

சீசன் டிக்கெட் மாதம் ஒன்றாக எடுப்பதா, மொத்தமாகவா?
– வாசகர், சானடோரியம்

மொத்தமாகத்தான். மூன்று மாத சீசனுக்கு 2.7 மாதக் கட்டணம், ஆறு மாதத்துக்கு 5.4, ஒரு வருடத்துக்கு 10.8. மூன்று மாதமும் வருடமும் விகிதத்தில் ஒன்றே என்பதால், வேலை மாறலாம், வீடு மாறலாம் என்றிருப்பவர் மூன்று மாதத்தோடு நிற்பது புத்திசாலித்தனம்.

அடையாள அட்டை இல்லாத சீசன், டிக்கெட் பரிசோதகர் கண்ணில் வெறும் காகிதம். இன்னொன்று, தாம்பரத்துக்கே உரியது: கடற்கரை–தாம்பரம் சீசன் வைத்திருப்பவர் செங்கல்பட்டு வண்டியில் ஏறித் தூங்கிப் பெருங்களத்தூரில் கண்விழித்தால், அந்தக் கூடுதல் தூரத்துக்குக் கட்டணமும் குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதமும் கேட்கலாம். சீசனைக் காட்டி எக்ஸ்பிரஸின் முன்பதிவுப் பெட்டியில் ஏறுவதும் கூடாது.

பிளாட்பாரத்தில் நின்று செல்போனில் டிக்கெட் எடுத்தால் வர மறுக்கிறது. செயலியில் கோளாறா?
– வாசகர், சேலையூர்

கோளாறில்லை, வேண்டுமென்றே வைத்த பூட்டு. பரிசோதகரைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுப்பதைத் தடுக்க, ஸ்டேஷன் எல்லைக்குள்ளும் தண்டவாளத்தை ஒட்டிய இடங்களிலும் காகிதமில்லா டிக்கெட் கிடைக்காது. முன்பு யூ.டி.எஸ். செயலி, இப்போது ரயில்ஒன் செயலி, விதி மாறவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பயணம் தொடங்க வேண்டும். உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யலாம், அல்லது தானியங்கி மெஷின். எடுத்த டிக்கெட்டைச் செயலியில்தான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பவர்கள் கவனிக்க.

தெற்கிலிருந்து வரும் எக்ஸ்பிரஸில் வந்து விமான நிலையம் போக வேண்டும். எழும்பூர் வரை போகணுமா?
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். உங்கள் வண்டி தாம்பரத்தில் நிற்குமானால் அங்கேயே இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவது திரிசூலம். சாதாரண டிக்கெட் 5 ரூபாய். சுரங்கப்பாதையில் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். பெட்டி கனமென்றால் காலை எட்டு முதல் பத்து வரை இந்த யோசனையைக் கைவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

ஏ.சி. மின்சார ரயிலில் சாதாரண டிக்கெட் செல்லுமா?
– வாசகர், பல்லாவரம்

செல்லாது. 2025 ஏப்ரலில் இந்த ரயில் ஓடத் தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரை–செங்கல்பட்டு 105. கதவு தானாக மூடும். ஓடிவந்து கம்பியைப் பிடிக்கும் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

படிக்கட்டில் நிற்பதைத் தவிர்க்கவே முடியவில்லை. ஃபாஸ்ட் தடத்தில் போகும்போது மட்டும் அதிகம் பயமுறுத்துகிறார்களே?
– வாசகர், கிண்டி

காரணம் இருக்கிறது. ஃபாஸ்ட் தடம் என்பது எக்ஸ்பிரஸ் தடம்; அதில் மின்சார ரயிலைத் திருப்பிவிடும்போது, ரயிலுக்கும் பக்கச்சுவருக்கும் இடையே வழக்கமாக நீங்கள் பார்த்துப் பழகிய இடைவெளி மாறிவிடுகிறது. 2018 ஜூலையில் பரங்கிமலையில் நடந்தது அதுதான்: ஃபாஸ்ட் தடத்தில் போன ரயிலின் படியில் தொங்கியவர்கள் பக்கச்சுவரில் மோதி உயிரிழந்தார்கள். சட்டப்படி படிக்கட்டுப் பயணத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். “பாதை மாற்றி விடப்படுகிறது” என்று அறிவிப்பு கேட்டால் அந்த வண்டியில் உள்ளே இடமில்லாவிட்டால் ஏறாதீர்கள்.