ரிசார்ட்டில் ரூம் போதும், மெம்பர்ஷிப் வேண்டாம்: கேள்வி பதில்

லீவுக்குக் குடும்பத்தோடு எங்கே தங்குவது, டைம்ஷேர் (மொத்தமாகப் பணம் கட்டி, பல வருஷத்துக்கு வருஷா வருஷம் சில இரவுகள் ரிசார்ட்டில் தங்கும் மெம்பர்ஷிப்) விற்கிறவர்களிடம் மாட்டாமல் எப்படித் தங்குவது என்று சென்னைக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வேளச்சேரி: மாலில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டோம். "3 பகல் 2 இரவு இலவசமா தங்கலாம், தம்பதியா வந்து பரிசை வாங்கிக்கங்க"ன்னு போன் மேல போன். போகலாமா சார்?

போக வேண்டாம். அந்தக் கூப்பன் உங்கள் போன் நம்பருக்காக வைத்தது, குலுக்கலுக்காக அல்ல. பெட்ரோல் பங்கிலும் கண்காட்சியிலும் நீட்டுகிற ஃபார்மும் இதே ரகம்தான்.

அங்கே நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஏதாவது ஹோட்டல் ஹாலில் சின்னச் சின்ன மேசைகள், சத்தமாகப் பாட்டு. ஒன்றரை மணி நேரம் என்பார்கள், மூன்று மணி நேரம் ஆகும். "போன வருஷம் டூருக்கு எவ்வளவு செலவு பண்ணீங்க?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். நீங்கள் சொன்ன தொகையை ஒரு தாளில் எழுதி, விலைவாசி ஏற்றத்தைக் கூட்டி, 25 வருஷத்துக்குப் பெருக்கிக் காட்டுவார்கள். அதன் பக்கத்தில் 8 லட்சம் என்று எழுதினால் மலிவாகத்தானே தெரியும்! வேண்டாம் என்றால் மேனேஜர் வருவார், விலை 6 ஆகும். மறுபடி வேண்டாம் என்றால் "ஒருத்தர் சரண்டர் பண்ணது ஒண்ணு இருக்கு, இன்னிக்கு மட்டும்" என்று நாலே கால் லட்சத்துக்கு இறங்கும். தம்பதியாகத்தான் வரணும் என்று வற்புறுத்துவது ஏன்? "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று நீங்கள் எழுந்து வர முடியக்கூடாது, அதற்குத்தான்.

இலவசத் தங்கலிலும் நிபந்தனை உண்டு. வாரநாள் மட்டும், பல வாரம் முன்பே தேதி தர வேண்டும், வரியும் "யுடிலிட்டி சார்ஜ்" என்ற ஒன்றும் உங்கள் கணக்கு, சாப்பாடு தனி. இதையெல்லாம் மீறிப் போயே தீருவேன் என்றால் கிரெடிட் கார்டு, செக் புக், பான் கார்டு மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். டோக்கன் அட்வான்ஸ் 5,000 என்றாலும் கொடுக்காதீர்கள். 5,000 கட்டியவரை விடாமல் துரத்துவார்கள். போன் தொல்லைக்கு 1909-இல் டி.என்.டி, அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்து, அதற்குப் பிறகும் வந்தால் அதே எண்ணில் புகார் கொடுக்கலாம்.

அண்ணா நகர்: 5 லட்சம், 25 வருஷம், வருஷத்துக்கு 7 இரவு. ஒரு இரவு 2,857 ரூபாய்தான் வருது. லாபம்தானே?

உங்கள் கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. முதலாவது வட்டி. 5 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டு வைத்தால் வருஷம் 35,000 ரூபாய் வரும், முதலும் உங்களிடமே இருக்கும். இரண்டாவது ஆண்டுச் சந்தா. ஏ.எம்.சி என்றும் சொல்வார்கள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டியது, வருஷா வருஷம் ஏறுவது. அதை இப்போதைக்கு 20,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 55,000. ஏழு இரவுக்குப் பிரித்தால் ஒன்று 7,857 ரூபாய். பிள்ளைக்கு டியூஷன், மாமனாருக்கு உடம்பு என்று ஒரு வருஷம் நாலு இரவுதான் போக முடிந்தது என்றால் 13,750. இதில் சாப்பாடும் இல்லை, பயணமும் இல்லை. மெம்பர்ஷிப் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி உண்டு, சொன்ன விலையில் அது சேர்ந்ததா இல்லையா என்று கேளுங்கள். இ.எம்.ஐ என்றால் அந்த வட்டி வேறு.

இதே ஊரில் இதே தரத்தில் ஒரு ரூம் வாரநாளில் என்ன விலை என்று போனில் பாருங்கள். 6,000-க்குக் கிடைத்தால் பேச்சே முடிந்தது.

மயிலாப்பூர்: நாங்க வருஷம் தவறாம போறவங்க. எல்லாத்தையும் குறை சொல்றீங்களே, யாருக்குமே இது ஒத்து வராதா?

ஒத்துவருகிற குடும்பங்கள் உண்டு மேடம். பல மாதம் முன்பே தேதி முடிவு செய்ய முடியும், ஸ்கூல் லீவைச் சார்ந்திருக்கவில்லை, போனால் ஒரே இடத்தில் நாலைந்து நாள் உட்கார்ந்துவிடுவீர்கள், கிச்சனோடு கூடிய அபார்ட்மெண்ட் வேண்டும், கடன் வாங்காமல் கட்ட முடியும். இத்தனையும் பொருந்தினால் யோசிக்கலாம்.

ஆனால் சீசன் விஷயத்தில் கவனம். பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று நிறம் பிரித்து விற்பார்கள். மலிவாகக் கிடைக்கிற நிறத்தில் ஏப்ரல், மே மாதமும் கிறிஸ்துமஸும் பெரும்பாலும் வராது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை விற்பது அநியாயம். உயர்ந்த நிறத்தை வாங்கினாலும் அந்த வாரத்தில் ஊட்டியில் ரூம் நிச்சயம் என்று யாரும் எழுதித் தருவதில்லை, "கிடைப்பதைப் பொறுத்து" என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கும். வாங்குவதற்கு முன், ஏற்கெனவே மெம்பராக இருக்கும் ஒருவரின் லாகினில் வருகிற மே மாதத்து சனி, ஞாயிறைத் தேடிப் பாருங்கள். விற்கிறவர் பத்து நிமிஷம் பேசுவதைவிட அந்த ஒரு ஸ்கிரீன் அதிகம் சொல்லும்.

பெரம்பூர்: ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போட்டு கார்டில் 80,000 தேய்ச்சுட்டோம். இன்னிக்கு வியாழன். தூக்கமே இல்லை. என்ன செய்யறது?

இன்றே செய்யுங்கள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் பல ஒப்பந்தங்களில் "கூலிங் ஆஃப்" என்று ரத்து செய்ய அவகாசம் இருக்கும், பெரும்பாலும் 10 நாள். உங்கள் தாளில் எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று தேடுங்கள். பொடி எழுத்தில் பின்பக்கம் இருக்கும்.

விண்ணப்ப எண், கையெழுத்திட்ட தேதி, கட்டிய தொகை, கட்டிய விதம் ஆகியவற்றோடு "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், முழுத் தொகையையும் இதே கார்டுக்குத் திருப்புங்கள்" என்று நாலு வரி போதும். இமெயிலில் அனுப்பி, அதையே பிரிண்ட் எடுத்து இன்றே ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. கடிதம் போனதும் ஒருவர் இனிமையாகக் கூப்பிடுவார்: "மேடம், உங்களுக்கு அப்கிரேடு தர்றோம், திங்கள் வரை பொறுங்க." அவகாசம் தீரட்டும் என்பதற்கான பேச்சு அது. கிஃப்ட் வவுச்சரைத் தொடாதீர்கள், ஒரு இரவு கூடத் தங்காதீர்கள். "சேவையைப் பயன்படுத்திவிட்டார்" என்பார்கள்.

மீதித் தொகைக்கு வங்கி ஆட்டோ டெபிட், அதாவது நாச் மேண்டேட் கொடுத்திருந்தால், ரத்துக் கடிதம் போன பிறகு வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். ரத்து செய்யாமல் சும்மா பவுன்ஸ் ஆக விட்டால், செக் பவுன்ஸுக்கு வழக்குப் போட 138-ஆம் பிரிவு இருப்பது போல ஆட்டோ டெபிட்டுக்கும் 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா சட்டத்தில் 25-ஆம் பிரிவு இருக்கிறது.

பணம் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.

தாம்பரம்: மெம்பர் ஆகாம அந்த ரிசார்ட்டிலேயே தங்க முடியுமா?

முடியும். காலியான ரூம்களைப் பல இடங்களில் வெளியாட்களுக்கும் ஆன்லைனில் விடுகிறார்கள். புக் செய்தவுடன் "எந்த பிரசன்டேஷனும் வேண்டாம், ரூமுக்குப் போன் செய்ய வேண்டாம்" என்று ரிசார்ட்டுக்கு ஒரு மெயில் போட்டு, செக்-இன் கவுண்டரில் அதைக் காட்டுங்கள். "ஃபீட்பேக்குக்கு 10 நிமிஷம், பசங்களுக்கு கிஃப்ட்" என்று கூப்பிட்டால் அது விற்பனைதான். எழுத்தில் தருகிறேன் என்று சொல்லி நகருங்கள்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் மாமல்லபுரம், ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது. பளபளப்பு குறைவுதான், ஆனால் யாரும் எதையும் தலையில் கட்ட மாட்டார்கள்.

மடிப்பாக்கம்: அப்பா, அம்மா, ரெண்டு பசங்க, நாங்க ரெண்டு பேர். ரெண்டு ரூமா, டூ பெட்ரூம் காட்டேஜா? ஈ.சி.ஆர்-ல பார்க்கறோம்.

பெரியவர்கள் இருந்தால் காட்டேஜ், அதுவும் தரைத்தளம். ரெண்டு ரூம் என்றால் நடுவில் கதவு உள்ளதா என்று கேளுங்கள். "அடுத்தடுத்த ரூம்" என்றால் வராண்டா வழியாகத்தான் போய்வர வேண்டும். பாத்ரூம் வாசலில் படி உண்டா, டாய்லெட் பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி உண்டா, ரூமிலிருந்து சாப்பாட்டு ஹால் எவ்வளவு தூரம், இரவில் பேட்டரி வண்டி வருமா, ஜெனரேட்டரில் ஏ.சி ஓடுமா அல்லது ஃபேன், லைட் மட்டுமா? இவற்றை வெப்சைட்டில் தேடாமல் மாலை ஏழு மணிக்கு ரிசப்ஷனுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஃபோட்டோவுக்கு கூகுள் மேப்பில் விருந்தினர் போட்டவற்றைப் புதிது முதலில் வருமாறு பாருங்கள், பாத்ரூம் படங்களை முக்கியமாக.

"எக்ஸ்ட்ரா பெட்" என்று காசு வாங்கித் தரையில் மெத்தை போடுகிற இடம் நிறைய. கட்டிலா மெத்தையா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு எத்தனை வயது வரை இலவசம் என்பது இடத்துக்கு இடம் மாறும். வயதைப் புக்கிங்கிலேயே சரியாகப் போடுங்கள், கவுண்டரில் தகராறு வராது. ரூம் விலையோடு சேரும் சாப்பாட்டைச் சுருக்கெழுத்தில் போடுவார்கள்: சி.பி என்றால் காலை டிபன் மட்டும், எம்.ஏ.பி என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏ.பி என்றால் மூன்று வேளையும். மாமல்லபுரத்தில் பகல் சாப்பாட்டுக்கு வெளியே போவீர்கள் என்றால் ஏ.பி வீண்.

ஈ.சி.ஆர்-க்கு மட்டும் ஒரு விஷயம். முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். வளர்பிறை முகூர்த்தமும் சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தால் பாதி ரிசார்ட்டுகளில் கல்யாணம் நடக்கும். முந்தின நாள் சங்கீத், டி.ஜே, புல்வெளி முழுக்கப் பந்தல், டிபன் ஹாலில் வரிசை, நீச்சல் குளத்தில் இடமில்லை. ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் அதற்குள் உங்கள் அப்பாவின் பொறுமை போய்விடும். "அன்னிக்கு ஏதாவது ஃபங்ஷன் புக் ஆகியிருக்கா?" என்று நேராகக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். "சீ வியூ" என்றால் எட்டிப் பார்த்தால் கடல் தெரியும், அவ்வளவுதான். கடலில் பிள்ளைகளை இறக்காதீர்கள், அந்தக் கரையில் இழுப்பு அதிகம்.

போரூர்: 7,600 ரூபாய் ரூம், 7,400 ரூபாய் ரூம். ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 7,400 ரூம் 7,770 ஆகும், 7,600 ரூம் 8,968 ஆகும். 7,500-ஐ ஒட்டிய விலை என்றால் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் இறங்கி வருவார்கள்.

குரோம்பேட்டை: அப்பா பேர்ல பழைய மெம்பர்ஷிப் இருக்கு. "வாங்க ஆள் ரெடி, 6 லட்சம், ஜி.எஸ்.டி 18 சதவீதத்தை மட்டும் முதல்ல கட்டுங்க"ன்னு ஒருத்தர் கூப்பிடறார். நம்பலாமா அண்ணா?

நம்பாதீங்க தம்பி. பழைய மெம்பர்ஷிப்புக்குப் பெரிய மறுவிற்பனைச் சந்தை கிடையாது, போட்ட விலையில் கொஞ்சம் கிடைத்தாலே அதிகம். பேர் மாற்ற வேண்டும் என்றாலும் அது ரிசார்ட் கம்பெனி வழியாகத்தான் நடக்கும், அதற்கான கட்டணமும் அவர்கள் ஆபீஸில் ரசீதோடு கட்டுவது. "உங்க கமிஷன், வரி எல்லாத்தையும் விற்ற பணத்துல கழிச்சுக்கங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவரே போனை வைத்துவிடுவார். ஏற்கெனவே ஏதாவது அனுப்பிவிட்டீர்கள் என்றால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.