அடிக்கடி லீவு போடும் பிள்ளைகளை வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 41 பேரில் 9 பேர் ஒழுங்காக வருவதில்லை. கண்டித்தேன், அப்பாவை அழைத்து வரச் சொன்னேன், ஒன்றும் பலிக்கவில்லை. எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் பதிவில்) தினமும் ஆப்சென்ட் போட்டே அலுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், அந்த 9 பேரையும் ஒரே கட்டாகப் பார்ப்பதை முதலில் விட்டுவிடுங்கள். அவர்களுக்குள் நான்கைந்து காரணமாவது இருக்கும். பிள்ளையிடம் கேட்டால் "காய்ச்சல் மிஸ்" என்றுதான் பதில் வரும். உங்கள் வருகைப் பதிவேடு அதைவிட விவரமாகப் பேசும்.

ஒரு சனிக்கிழமை, ஜூனிலிருந்து இன்றுவரை உள்ள பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் தினசரி காலண்டரும் இருக்கட்டும். நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் 15 வயதுப் பையன் ஒருவன் ஆடி மாதம் முழுக்க ஒழுங்காக வந்தான். ஆவணி பிறந்ததும் வாரத்துக்கு இரண்டு நாள் ஆளைக் காணோம். காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அத்தனையும் முகூர்த்த நாளும் அதற்கு மறுநாளும்! கேட்டரிங்காரரோடு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருக்கிறான். ராத்திரி ரிசப்ஷன், விடிந்ததும் டிபன், மதியச் சாப்பாடு. அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது. படிப்பின் அருமையை நான் அவனிடம் பேசியதெல்லாம் வீண். அந்தக் காசு வீட்டில் எதற்குப் போகிறது என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தான். அம்மா வாங்கிய குழுக்கடனுக்குத் தவணை. அம்மாவோடு பேசி, சனி ஞாயிறில் வரும் முகூர்த்தங்களோடு நிறுத்திக்கொள்ள வைத்தோம். ஒரேயடியாக வேலையை விடச் சொல்லியிருந்தால் பள்ளியைத்தான் விட்டிருப்பான். ஆனால் 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கு அமர்த்துவதும் குற்றம். பட்டாசு போன்ற ஆபத்தான வேலை 18 வரை கூடாது. அப்படித் தெரிந்தால் பேரம் பேசாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லிவிடுங்கள்.

சில பெண் பிள்ளைகளின் பெயருக்கு நேரே மாதாமாதம் மூன்று நாள் இடைவெளி தெரியும். இதற்கு ஆலோசனை எதுவும் வேண்டாம், நேராகக் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? பள்ளிக்கு வரும் நாப்கின் பீரோவுக்குள் இருந்தால், ஆண் ஆசிரியரிடம் போய்க் கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? சாவியை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வந்து மதியம் காணாமல் போகிறவன் ஏதோ ஒரு பாடவேளைக்குப் பயப்படுகிறான். கால அட்டவணையைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பஸ் பிரச்சினை என்றால் அது உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு டெப்போவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காத காரணம் இன்னொன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி பெற்று வந்துவிட்ட பிள்ளைக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "எழுந்து வாசி" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே லீவு போடும். அதிலும் தேர்வுத்தாள் கொடுக்கும் வாரத்தில் கண்டிப்பாக வராது. அந்தப் பிள்ளையை வகுப்பில் வாசிக்கச் சொல்லாதீர்கள். மதிய உணவு முடிந்ததும் பத்து நிமிடம், தனியாக, ஒரு பத்தி போதும். என் பள்ளியில் லீவைக் குறைத்ததில் இதற்கு நிகராக வேறொன்றையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம், "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா." கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பல வருஷம் இதைச் சொன்னவள்தான். அப்பா வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதை வீட்டில் கேட்கத் துணியாத பையன் மறுநாளும் வரமாட்டான். ஒரு நாள் லீவு நான்கு நாளாவது இப்படித்தான். அதற்குப் பதில் வராத அன்று மாலையே, ஏழு மணிக்கு மேல், அம்மாவுக்குப் போன் போடுங்கள். எமிஸில் உள்ள எண் பையனுடைய போனாகவே இருக்கக்கூடும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். "இன்றைக்குக் கணக்கில் புதுப் பாடம் ஆரம்பித்தோம், அவன் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" இவ்வளவு போதும். திரும்பி வந்த அன்று வாசலில் நிற்க வைக்காதீர்கள். விட்டுப்போன நோட்ஸை எழுதிக்கொள்ள ஒரு நல்ல சிநேகிதனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வயதுக்கு வந்த பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ள நினைக்கும் தாயிடம் கணக்காகப் பேசுங்கள். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், 1098 இதற்கும் உண்டு.

நூறு சதவீத வருகைக்குப் பரிசு தருவது எனக்கு உடன்பாடில்லை. ஜூனிலேயே இரண்டு நாள் போட்டவனுக்கு அந்தப் பரிசு அன்றே முடிந்துவிட்டது. போன மாதம் எட்டு நாள் லீவு, இந்த மாதம் ஐந்து என்றால் அதை அவன் காதருகே சொல்லிப் பாராட்டுங்கள். மாதம் இரண்டு நாள் தவறுவது சின்ன விஷயமாகத் தெரியும், வருஷத்தில் அது இருபது நாளுக்கு மேல். ஆகவே இந்த ஒன்பது பேருக்கு அடுத்த வரிசையில் இருப்பவர்கள் மீதும் ஒரு கண் இருக்கட்டும்.

ஒன்பது பேரையும் ஒரே மாதத்தில் சரிசெய்ய முடியாது. சீக்கிரம் திரும்பி வரக்கூடிய மூன்று பேரை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொடங்குங்கள். ஆனால் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மாலை, ஒன்பது வீட்டுக்கும் ஒரு போன் போய்விட வேண்டும். நான் பார்த்தவரையில், பிள்ளைகள் ஒரேயடியாக நின்றுபோனது அந்த வாரத்தில்தான்.