புரோட்டான் மோதலைப் படிக்க விரும்பும் மகள்: பட்டர்வொர்த் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு மிண்டன் வளாகத்தில் இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், பட்டம் பெற்றதும் கோலாலம்பூருக்குச் சென்று முதுகலை ஆய்வு செய்ய விரும்புவதாகவும், எலக்ட்ரான்-புரோட்டான் மோதல்களில், புரோட்டான் உடையாமல் தப்பும் விளிம்பு விளைவுச் சிதறலை அளப்பதே அந்த ஆய்வு என்றும் எழுதியிருந்தீர்கள். 2007-லேயே நிறுத்தப்பட்ட ஜெர்மனி நாட்டு இயந்திரம் ஒன்றின் பழைய தரவுகளை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று வீட்டார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வேலையின் தன்மையைப் பொறுத்தே என் ஆலோசனை அமைவதால், முதலில் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஹாம்பர்க் நகரில் டெசி ஆய்வகம் நடத்திய ஹெரா முடுக்கி, 6.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் 1992 முதல் 2007 வரை மோதல்களை நிகழ்த்தியது. 27.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்கள் அல்லது பாசிட்ரான்கள் ஒரு பக்கமிருந்தும், முதலில் 820, 1998 முதல் 920 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட புரோட்டான்கள் மறுபக்கமிருந்தும் வந்து மோதின. இவ்வளவு வேகத்தில் அடிபடும் புரோட்டான் நொறுங்கி, அதன் சிதறல்கள் அது சென்ற திசையிலேயே பாய வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் ஹெராவில் உணர்கருவி அமைத்து மோதல்களை ஆராய்ந்த இரு குழுக்களில், 1993-ல் ஜியஸ் குழு வெளியிட்ட முடிவும், அதையடுத்து எச்1 குழு வெளியிட்ட முடிவும், குறிப்பிடத்தக்க ஒரு பகுதி நிகழ்வுகளில் அந்தத் திசை வெறுமையாகவே கிடந்ததைக் காட்டின. தைப்பூசத்தன்று ரதத்தின் முன் ஓங்கி அடிக்கும் தேங்காய்களில் பத்துக்கு ஒன்று விரிசல்கூட விடாமல் உருண்டோடினால் நாம் எப்படித் திகைப்போமோ, அறிவியலாளர்களும் அப்படித்தான் திகைத்தார்கள். விளிம்பு விளைவுச் சிதறல் எனப்படும் அத்தகைய நிகழ்வுகளில் புரோட்டான் பெரும்பாலும் தன் உந்தத்தில் சில விழுக்காட்டுக்கும் குறைவாகவே இழந்து, உடையாமல், துகள் கற்றை ஓடும் குழாய் வழியே போய்விடுகிறது. அணுக்கருத் துகள்களைப் பிணைக்கும் வலுவிசைக்குக் காரணமான வண்ணமின்னூட்டம் இல்லாத ஏதோ ஒன்று இடையில் பரிமாறப்படுகிறது என்று கொண்டு, சோவியத் இயற்பியலாளர் பொமரான்சுக்கின் நினைவாக அதற்குப் பொமரான் என்று பெயரிட்டிருக்கிறார்கள். புரோட்டானுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்கள் எப்படி அமைந்துள்ளன என்ற பெரிய கேள்விக்கு இது ஒரு முக்கியமான வாசல்.

உங்கள் மகளின் எதிர்காலத்துக்கு இந்தக் கேள்வியைவிட, அதை அளக்கும் முறைதான் முக்கியம் என்று நான் கருதுகிறேன். உணர்கருவியில் புரோட்டான் சென்ற பக்கம் காலியாக இருக்கும் நிகழ்வுகளை எண்ணுவது ஒரு வழி. நிகழ்வுகள் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் புரோட்டான் இலேசாக உடைந்து, உடைந்த துண்டுகள் குழாய்க்குள்ளேயே கண்ணில் படாமல் தப்பிய நிகழ்வுகளும் அந்த எண்ணிக்கையில் கலந்துவிடும். உடையாத புரோட்டானையே நேரில் பிடிப்பது இன்னொரு வழி. ஜியஸ் குழு மோதல் இடத்திலிருந்து 90 மீட்டர் தொலைவு வரையிலும், எச்1 குழு பிற்காலத்தில் 220 மீட்டர் தொலைவிலும் இதற்கான கருவிகளை வைத்தன. ரோமன் பானை என்று அழைக்கப்படும் அந்த உலோகக் கூடு, கற்றை நிலைபெறும்வரை ஒதுங்கி நின்று, பிறகு மெல்ல நகர்ந்து, சிலிக்கான் உணரிகளையோ ஒளிரும் இழைகளையோ கற்றைக்குச் சில மில்லிமீட்டர் அருகே கொண்டு செல்லும். இப்படிப் பிடித்த புரோட்டானைப் பற்றி ஐயம் குறைவு. ஆனால் பெரும்பாலானவை அந்தச் சிறிய இடத்தில் வந்து விழாததால் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே ஆய்வாளர் இரண்டு வழிகளிலும் கிடைத்த விடைகளை ஒப்பிட்டு, முதல் வழியில் எவ்வளவு கலப்படம் உள்ளது என்பதைக் கணினி உருவகப்படுத்தலின் துணையோடு மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டிலேயே எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் எழுத்தில் காட்ட வேண்டும்.

ஒரு வரைபடத்திலுள்ள ஒரே புள்ளிக்கு இப்படிப் பல மாதம் செலவாகலாம். சி++ மொழியிலும் பைத்தானிலும் நிரல் எழுதி, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கும்போது தன் எண்ணுக்குப் பொறுப்பேற்கப் பழகுகிற பிள்ளைக்கு நம் நாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் சில்லுத் தொழிற்சாலைகளில் சோதனைத் தரவைப் பார்த்து, பழுது சில்லிலா சோதனைக் கருவியிலா என்று பிரித்தறியும் வேலைக்கும், கோலாலம்பூர் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் இடர் மதிப்பிடும் வேலைக்கும் இதே திறன்தான் தேவைப்படுகிறது. ஆனால் துகள் இயற்பியலாளர் என்ற பெயரிலேயே கிடைக்கும் வேலைகள் மலேசியாவில் மிகச் சில. அவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் உள்ளன, முனைவர் பட்டம் இல்லாமல் கிடைக்காது. மருத்துவமனைக் கதிரியக்கப் பிரிவுக்குப் போகலாமே என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு மருத்துவ இயற்பியலில் தனிப் படிப்பு தேவைப்படும். அந்த ஆசை இருந்தால் இப்போதே அந்த வழியில் செல்வதுதான் நல்லது.

பழைய இயந்திரம் என்பதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஹெராவின் தரவுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. இயந்திரம் நின்ற பின்பும் அவற்றிலிருந்து ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஜியஸ் குழுவின் கட்டுரைகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெயரும் உண்டு என்பதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள். ஜெனீவா அருகே துகள் மோதல்களை ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் குழுவிலும் அப்பல்கலைக்கழகம் பங்கேற்கிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அமையவிருக்கும் எலக்ட்ரான்-அயனி மோதுவியிலும் இதே அளவீடு முக்கிய இடம் பெறுகிறது. 2020 ஜனவரியில் அந்த இடம் தேர்வானது. ஹெராவைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்ட மோதல் செறிவு அதன் இலக்கு. இன்று ஹெரா தரவில் கைபழகியவர்களுக்கு அங்கே வேலை இருக்கும்.

நான் கவலைப்படுவது பணத்தைப் பற்றித்தான். பிடிபிடிஎன் எனப்படும் அரசு உயர்கல்விக் கடனோடு பட்டம் முடிக்கும் பிள்ளை, முதுகலைக்கும் குடும்பச் சேமிப்பை எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மேற்பார்வையாளரிடம் ஆய்வு மானியம் இருக்கிறதா, அதிலிருந்து மாத உதவித்தொகை உண்டா, எத்தனை மாதங்களுக்கு, ஜியஸ் தரவைப் பயன்படுத்த அனுமதி பெற்றாயிற்றா, அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று மகளே நேரில் கேட்க வேண்டும். உதவித்தொகை பற்றிய பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல விரிவுரையாளர்கள் இதை எதிர்பார்க்கிறார்கள்.

அதற்கிடையே, சிஎம்எஸ் குழு இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கும் தரவுகளில் ஒன்றை எடுத்து, எலக்ட்ரானின் கனமான உறவான மியூவான் துகள்கள் இரண்டின் கூட்டு நிறை வரைபடத்தை அவரே வரைந்து, பின்னணி நிகழ்வுகளைக் கழித்துப் பார்க்கட்டும். இந்த விடுமுறை போதும். விடை தவறாக வந்து, காரணம் தேடித் தேடி இரவு நெடுநேரம் உட்கார்ந்திருக்கும்போதும் அவருக்கு அதில் ஈடுபாடு குறையவில்லை என்றால், இந்த வேலை அவருக்கு ஒத்துவரும். சலிப்புத் தட்டினால், பொமரான் என்ற பெயரின் கவர்ச்சி மட்டும் இரண்டு ஆண்டுகளைத் தாங்காது.

ஈடுபாடும் உதவித்தொகையும் இரண்டும் உறுதியானால் தயங்காமல் அனுப்பி வையுங்கள். ஈடுபாடு இருந்து உதவித்தொகை மட்டும் கிடைக்கவில்லையென்றால், பாயான் லெப்பாஸில் ஓராண்டு தரவுப் பகுப்பாய்வு வேலை பார்த்துக்கொண்டே அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் முன், மேற்பார்வையாளர் தந்த பதில்களோடும் மதிப்பெண் பட்டியலோடும் மகளை ஒருமுறை என்னிடம் அழைத்து வாருங்கள்.